பதினேழாவது கேள்வி

பொருளியல் ஆசிரியர் சங்கத்தின் செயலாளர் பதவிக்கு யாரும் போட்டி போடுவதில்லை. பொதுக்குழுவில் அந்தப் பேச்சு வந்ததுமே அறுபது பேரும் கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த ஆண்டு நான் தேடக் கொஞ்சம் தாமதித்துவிட்டேன். தலைவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கைதட்டினார்கள். செயலாளர் ஆகிவிட்டேன்.

அடுத்த ஐந்தாவது நிமிடம் முதல் வேலை வந்தது.

பொதுத்தேர்வு முடிந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. பின்வரிசையிலிருந்து ஒரு ஆசிரியை வினாத்தாளோடு எழுந்தார். "பதினேழாவது கேள்வியை யாராவது பார்த்தீங்களா? எங்க பிள்ளைங்க அழுதுட்டு வந்துச்சுங்க" என்றார். உடனே அறை முழுக்க இரைச்சல். எல்லாரும் பார்த்திருந்தார்கள். தலைவர் மேசையைத் தட்டி, "ஸ்கேல் சார், நீங்க கொஞ்சம் போர்டுல போட்டுக் காட்டுங்க" என்றார்.

ஸ்கேல் சார் என் பள்ளிக்கூடத்துக்காரர். ஸ்கேல் வைக்காமல் ஒரு கோடு போடமாட்டார். வருகைப் பதிவேட்டில் விடுப்புக்குப் போடும் சின்னக் கோடு உட்பட. பதினோரு ஆண்டுகளாகச் சங்கத்தின் மாதிரி வினாத்தாளைத் தயாரிப்பவர் அவர்தான். அதில் ஒரு கால்புள்ளி இடம் மாறி யாரும் பார்த்ததில்லை. தன் கூடப் பிறந்த நான்கு பேரும் ஆண்கள் என்பதால் என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். "வீட்டுல கிடைக்கல, ஸ்டாஃப் ரூம்ல கிடைச்சுது" என்பார்.

அவர் கரும்பலகையில் சின்னதாக ஒரு அட்டவணை போட்டார். ஒரு பொருளின் விலை பத்திலிருந்து எட்டாகக் குறைகிறது. விற்கும் அளவு நாற்பதிலிருந்து ஐம்பதாகக் கூடுகிறது. விலைக்கேற்பத் தேவை மாறும் நெகிழ்ச்சி எவ்வளவு? இதுதான் கேள்வி.

"சதவீத முறையில போட்டா, விலை இருபது சதவீதம் குறையுது, தேவை இருபத்தஞ்சு சதவீதம் கூடுது. விடை ஒண்ணேகால். மொத்தச் செலவு முறையில போட்டா, முன்னாடியும் நானூறு, பின்னாடியும் நானூறு. மாற்றமே இல்ல. விடை ஒண்ணு. ரெண்டு முறையும் பாடப்புத்தகத்துல இருக்கு. ரெண்டு விடையும் கீழே குடுத்திருக்காங்க. எந்த முறைன்னு மட்டும் சொல்லல." சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டார். "இதுக்கு அடுத்த ரெண்டு கேள்வியும் இந்த விடையை வச்சுத்தான். மொத்தம் ஆறு மதிப்பெண். நல்லாப் படிச்ச பிள்ளைக்குத்தான் குழப்பம். ஒரே முறை தெரிஞ்சவன் தப்பிச்சுக்கிட்டான்."

"எந்த முட்டாள் இதை எழுதினான்?" என்று யாரோ கத்தினார்கள்.

நான்தான் எழுதினேன்.

தேர்வு வாரியம் அதற்கு முந்தைய விடுமுறையில் என்னை ரகசியமாக அழைத்திருந்தது. ஐந்து நாள் ஒரு கட்டடத்துக்குள்ளேயே தங்கிக் கேள்வி எழுத வேண்டும். கைபேசியை வாசலிலேயே வாங்கிவிடுவார்கள். கட்டின கணவனிடம்கூட வாய் திறக்கமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தேன். எங்கள் பாடத்துக்கு நான் ஒருத்திதான். சரிபார்க்க வந்தவர் வேறு பாடக்காரர், எழுத்துப்பிழை மட்டும் பார்த்தார். பதினேழாவது கேள்வியில் முதலில் நான் 'சதவீத முறையில்' என்றுதான் எழுதியிருந்தேன். அந்த இரண்டு சொல்லால் வரி நீண்டு, அட்டவணை அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. பக்கம் அழகாக இல்லை. கடைசி நாள், வீட்டுக்குப் போகும் அவசரம். இரண்டு சொல்லையும் எடுத்துவிட்டேன். பக்கம் அழகாக வந்தது.

அன்று அந்த அறையில் எழுந்து நின்று சொல்லியிருக்க முடியாதுதான். ரகசியக் கையெழுத்து இருந்தது. ஒரு ஆண்டு முழுக்க அந்தக் கையெழுத்துக்குப் பின்னால்தான் ஒளிந்துகொண்டேன். ஆனால் வாரியத்துக்குத் தனியாக, 'தவறு என்னுடையது, பிள்ளைகளுக்கு மதிப்பெண் கொடுத்துவிடுங்கள்' என்று ஒரு கடிதம் எழுத எந்தக் கையெழுத்தும் தடையாக இருக்கவில்லை. அதை நான் எழுதவில்லை.

எழுதியது வேறு கடிதம். கண்டனக் கடிதத்தைச் செயலாளர்தான் எழுத வேண்டும் என்றார் தலைவர். இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். அவ்வளவு காரமாக நான் அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதியதில்லை. 'இக்கேள்வியைத் தயாரித்தவர் பாடப்புத்தகத்தைத் திறந்தாவது பார்த்தாரா?' என்று ஒரு வரி. தலைவருக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போனது. தொலைபேசியில் வாசித்து வாசித்துக் காட்டினார். "உங்களுக்குள்ள இவ்வளவு நெருப்பு இருக்குன்னு தெரியாமப் போச்சே" என்றார். என்னை நானே திட்டியதில் எனக்கு ஏதோ பாவம் கழிந்ததுபோல ஒரு நிம்மதிகூட வந்தது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான்.

வாரியம் அந்தக் கடிதத்தை மூடிய உறையில் போட்டு, கேள்வியைத் தயாரித்தவரிடம் விளக்கம் கேட்டு அனுப்பியது. அதாவது எனக்கு. என் கடிதம் என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. 'மாணவர் பெரிதும் பழகிய முறை சதவீத முறையே. எனவே கேள்வியில் குறையில்லை' என்று பதில் எழுதினேன். மூன்று வாரம் கழித்து வாரியம் சங்கத்துக்குப் பதில் போட்டது. செயலாளர் என்ற முறையில் உறையைப் பிரித்தேன். உள்ளே என் வாக்கியங்களே, ஒரு சொல் மாறாமல். அடுத்த கூட்டத்தில் அதை நான் வாசித்தபோது எல்லாரும் பல்லைக் கடித்தார்கள். "திமிரைப் பாருங்க" என்றார் தலைவர். அதற்குப் பதில் எழுதும் வேலையும் எனக்கே வந்தது.

தேர்வு முடிவு வந்த வாரம் என் வகுப்பில் படித்த ஒரு பெண் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். கணக்குப் போட்டு முடித்ததும் இன்னொரு முறையில் போட்டுச் சரிபார்க்கிற பிள்ளை. பல்கலைக்கழகத்தில் பொருளியல் படிக்க மூன்று மதிப்பெண் குறைந்திருந்தது.

"டீச்சர், நீங்க சொல்லிக் குடுத்த மாதிரியே ரெண்டு முறையிலயும் போட்டுப் பார்த்தேன். மொத்தச் செலவு முறைதான் சந்தேகமில்லாம இருந்துச்சு. ஒண்ணுன்னு போட்டேன். அடுத்த ரெண்டும் அதை வச்சே போட்டேன்" என்றாள்.

"நீ போட்டது தப்பில்லம்மா. கேள்விதான் தப்பு. சங்கம் விடாது, போராடிக்கிட்டு இருக்கோம்" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அன்று மதியம் கொண்டுபோன சாப்பாட்டை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தேன்.

கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்படும். வாரியத்துக்கு முகம் கிடையாது. எழுதியவர் யார் என்ற பேச்சு மெல்ல ஆரம்பித்தது. தலைவர் துப்பறிந்தார். வாரியம் கேள்வி எழுத ஆள் கூப்பிடுவது விடுமுறையில்தான். அதே விடுமுறையில்தான் சங்கத்தின் பயிற்சிப் பட்டறையும் நடந்தது. பட்டறைக்கு வராத செயற்குழு உறுப்பினர் இரண்டே பேர். ஒருத்தி நான், மாமியாருக்குக் கண் அறுவை சிகிச்சை என்று சொல்லியிருந்தேன். இன்னொருவர் ஸ்கேல் சார். அவர் காரணமே சொல்லவில்லை.

ஒரு நாள் சாயங்காலம் தலைவர் எங்கள் வீட்டுக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். என் கணவர் எடுத்தார். மருந்துக்கடை வைத்திருக்கிறார், நலம் விசாரிப்பவர்களுக்கு விவரமாகப் பதில் சொல்லிப் பழக்கப்பட்டவர்.

"கண்ணா? எங்கம்மாவுக்கா?" என்றவர் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் கூப்பினேன். "ஆமா ஆமா, இப்ப நல்லாத் தெரியுது. ஊசியில நூலே கோக்குறாங்க" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை என்னிடம் நீட்டினார்.

தலைவர் கேட்டார். "ஒண்ணுமில்ல, ஒரே ஸ்கூல்ல இருக்கீங்க, அதான் கேக்குறேன். அந்த அஞ்சு நாள் ஸ்கேல் சார் எங்க போனார்னு உங்களுக்குத் தெரியுமா?"

வாரியத்தின் அந்தக் கேள்வி எழுதும் முகாமில் அவர் இல்லை என்று எனக்குத் தெரியும். அங்கே பொருளியலுக்கு வந்தவள் நான் ஒருத்திதான். 'அவரா இருக்காது சார்' என்று மூன்று சொல் சொன்னால் போதும். எந்த ரகசியமும் உடையாது.

"வெளியூர் போறேன்னு சொன்னார்" என்றேன். பிறகு கொஞ்சம் நிறுத்தினேன். "எங்கன்னு சொல்லல."

அவ்வளவுதான் சொன்னேன். சொன்னதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அந்த நிறுத்தம் இருக்கிறதே, அதை நான் வேண்டுமென்றேதான் நிறுத்தினேன். மறுமுனையில் தலைவர் "ம்ம்" என்றார். அந்த 'ம்ம்' காதில் விழுந்ததும் எனக்கு உடம்பே லேசானது. இன்றைக்கும் நினைத்துக் கூசுவது அதற்குத்தான்.

தொலைபேசியை வைத்ததும் கணவர் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பழி ஓரிடம், பாவம் ஓரிடம்னு சொல்வாங்க. பாவத்தை நம்ம வீட்டுல வச்சுக்கிட்டு, பழியை மட்டும் அவர் வீட்டுக்கு அனுப்பிட்டியே" என்றார்.

"எல்லாரும் கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க."

"அந்த மனுஷன் மறப்பாரா?"

யாரும் மறக்கவில்லை. சங்கம் இரண்டாவது சனிக்கிழமைதோறும் கூடும். ஸ்கேல் சார் ஒரு கூட்டம் தவறாமல் வந்தார். வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார். அவர் காதுபடவே, "சிலர் போர்டுல நல்லாக் கோடு போடுவாங்க, பேப்பர்ல கோட்டை விட்டுடுவாங்க" என்று ஒருவர் சொன்னார். சிரிப்பு எழுந்தது. ஸ்கேல் சார் திரும்பிப் பார்த்து, தானும் சிரித்தார். "என்ன தைரியம் பாருங்க, கல்லு மாதிரி இருக்கார்" என்று எனக்குப் பக்கத்திலிருந்தவர் கிசுகிசுத்தார். பதிலே சொல்லாததால் மௌனம் சம்மதம் என்று ஆகிவிட்டது. நான் குனிந்து கூட்டக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன்.

அந்த ஆண்டு மாதிரி வினாத்தாளை அவரிடம் கொடுக்க வேண்டாம் என்று செயற்குழு முடிவு செய்தது. காரணத்தை யாரும் எழுத்தில் போட விரும்பவில்லை. 'இளையவர்களுக்கு வாய்ப்பளிக்கும் பொருட்டு' என்று நான்தான் சொல் கண்டுபிடித்துக் கொடுத்தேன். கடிதத்தையும் நானே கொண்டுபோய் ஸ்டாஃப் ரூமில் அவர் கையில் கொடுத்தேன். இரண்டு தடவை வாசித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நல்லதுதான் தங்கச்சி. நானே சொல்லணும்னு நினைச்சேன்" என்றார்.

இளையவர்கள் தயாரித்த தாளில் நான்கு பிழை. நாற்பது பள்ளிக்கூடத்துக்கும் திருத்தம் அனுப்பினேன். திருத்தத்தில் ஒரு பிழை. சங்கத்தின் மற்ற வேலைகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டுதான் இருந்தன. செய்திமடல் மூன்று இதழ் வந்தது. கட்டுரைப் போட்டிக்கு இருநூறு கட்டுரை வந்தது. அதில் முப்பது கட்டுரை ஒரே அச்சில் வார்த்தது. ஒரு பள்ளிக்கூடத்தில் பின்வாசல் கரும்பலகையில் யாரோ பெரிதாக 17 என்று எழுதி, பக்கத்தில் ஒரு ஸ்கேலையும் வரைந்து வைத்திருந்ததாகக் கேள்விப்பட்டேன். அடுத்த வாரம் எங்கள் பள்ளியிலேயே, அவர் வகுப்புக்குப் போகும் முன், அதே படம். அவர் வழக்கம்போல அழித்துவிட்டுப் பாடம் நடத்தினார் என்றார்கள்.

பொதுக்குழுவுக்கு ஐந்து வாரம் இருக்கும்போது தலைமை ஆசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு படிவத்தை நீட்டினார். பொருளியல் துறைக்கு நான்தான் பொறுப்பாசிரியை. மேலொப்பம் போட வேண்டும். ஸ்கேல் சார் வகுப்பறை மாற்றம் கேட்டிருந்தார். சாலைப் பக்கம் இல்லாத, சின்ன அறையாக வேண்டுமாம்.

"பாவம், இத்தனை நாள் வெளியில சொல்லாம மறைச்சு வச்சிருக்கார். காது கேக்காத வாத்தியாரை வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு பயம். இப்பதான் மெஷின் வாங்கியிருக்காராம்" என்றார் தலைமை ஆசிரியை.

படிவத்தோடு மருத்துவமனைச் சான்று இணைத்திருந்தது. இரண்டு காதிலும் கேட்கும் திறன் குறைவு. வலது காதில் அறுவை சிகிச்சை, பலன் போதவில்லை. உள்நோயாளியாகச் சேர்ந்த நாள், வெளியேறிய நாள். தேதியைப் பார்த்தேன். நான் அந்தக் கட்டடத்துக்குள் பக்கத்தை அழகுபடுத்திக்கொண்டிருந்த அதே ஐந்து நாள்.

முதல் வரிசையில் ஏன் உட்கார்ந்தார், கிண்டலுக்கு ஏன் சிரித்தார் என்பதெல்லாம் ஒரே நேரத்தில் விளங்கியது. படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

அன்று மதிய இடைவேளையில் அவரைத் தேடிப் போனேன். நூலகத்துக்கு வெளியே வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். காதுக்குப் பின்னால் சின்னதாக அந்த மெஷின். பிள்ளைகள் படிக்கட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். நான் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினேன்.

"அண்ணா, அந்தப் பதினேழு... அதை எழுதினது நான்தான்."

"பதினேழாம் நம்பர் அறையா? அது வேண்டாம் தங்கச்சி, அது ரோட்டுப் பக்கம்."

"இல்ல அண்ணா. கேள்வி. போன தேர்வுல வந்த கேள்வி."

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு. மெஷின் மாட்டி மூணு வாரம்தான் ஆகுது. எல்லாச் சத்தமும் ஒண்ணா வந்து விழுது."

இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அவர் காதைத் திருப்பிக் காட்டினார். வேறு வழியில்லை.

"பதினேழாவது கேள்வியை எழுதினது நான்! வாரியத்துக்குப் போயிருந்தேன்! எல்லாரும் உங்களைச் சொன்னாங்க, நான் பேசாம இருந்தேன்!"

படிக்கட்டில் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். ஆய்வக உதவியாளர் கையில் தட்டோடு அப்படியே நின்றார். என் குரல்தான் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

ஸ்கேல் சார் முதலில் கேட்டது நான் எதிர்பார்த்தது அல்ல. "என்னைச் சொன்னாங்களா? எதுக்கு?"

அவருக்குத் தெரியவே தெரியாது. கூட்டங்களில் பேசிய ஒரு பேச்சும் அவர் காதில் விழுந்திருக்கவில்லை. காது போனது எப்படியோ வெளியே தெரிந்துவிட்டது, அதனால்தான் வினாத்தாள் வேலையைப் பக்குவமாக எடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் போர்டில் வரைந்ததைக்கூட, தன் பட்டப்பெயருக்குத்தான் கேலி, பதினேழு என்பது அறை எண் என்று எடுத்துக்கொண்டிருந்தார். அதனால், ஓராண்டாக அறுபது பேர் அவரைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதையும் நானேதான் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் உரக்கத்தான் சொன்னேன்.

கேட்டு முடித்ததும் மறுபடியும் அந்தக் கேள்விக்கே வந்தார்.

"எந்த முறைன்னு போட மறந்துட்டியா?"

"போட்டிருந்தேன் அண்ணா. வரி நீளமா இருக்குன்னு எடுத்துட்டேன்."

"எடுத்துட்டியா" என்றார். மறந்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு அதிர்ச்சியாக இருந்திருக்காது என்று தோன்றியது. "அப்படி ஒரு கேள்வியை நான் எழுதுவேன்னு எல்லாரும் நம்பிட்டாங்க, இல்ல? நான் போர்டுல போட்டுக் காட்டினேனே. போட்டுக் காட்டினவனே எழுதியிருப்பான்னு..."

"நீங்க எங்க போனீங்கன்னு யாருக்கும் தெரியல அண்ணா. எனக்கும் தெரியாது."

"எங்க போனேன்னு உனக்குத் தெரியாதுதான். ஆனா எங்க போகலன்னு உனக்குத் தெரியுமே. அது உனக்கு மட்டும்தானே தெரியும்?"

அவர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படிக்கட்டைப் பார்த்தார்.

"மணி அடிச்சுதா, மேடம்?" என்று கேட்டார்.

அடித்துவிட்டது என்று தலையாட்டினேன். வகுப்புக்குப் போய்விட்டார்.

அன்றே வாரியத்துக்கு எழுதினேன். என் கையெழுத்தோடு, பெயரோடு. சங்கத்துக்குச் சொல்வதற்கு ஆண்டறிக்கையில் ஒரு பத்தி சேர்த்து, முன்கூட்டியே தலைவரிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை வாசித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"இது வேண்டாம். சங்கம் ஒரு வருஷமா வாரியத்தோட மல்லுக்கு நிக்குது. எதிரி நம்ம செயலாளர்தான்னு தெரிஞ்சா ஊர் சிரிக்கும். பிள்ளைங்ககிட்ட எந்த முகத்தை வச்சுக்கிட்டுப் போறது?"

"ஸ்கேல் சார்?"

"அவரை யாரும் நேரடியா ஒண்ணும் சொல்லலையே. நான் சொன்னேனா? நீங்க சொன்னீங்களா?"

பத்தியை அவரே அடித்தார். நான் சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இதையும் சொல்லிவிட வேண்டும்: அவர் அடித்தபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. மூன்று நாள் அந்தச் சந்தோஷத்தோடு இருந்தேன். நான்காம் நாள் ஸ்டாஃப் ரூமில் ஸ்கேல் சார் பதிவேட்டை என் பக்கம் நகர்த்தி, "கையெழுத்து, மேடம்" என்றார். வீட்டுக்கு வந்து பத்தியை மறுபடியும் தட்டச்சு செய்தேன்.

பொதுக்குழுவில் ஆண்டறிக்கை வாசிக்கும்போது யாரும் கவனிப்பதில்லை. தேநீர் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். செய்திமடல், கட்டுரைப் போட்டி, மாதிரி வினாத்தாள் எல்லாம் வாசித்தேன். அதே தொனியில் அந்தப் பத்தியையும் வாசிக்க ஆரம்பித்தேன். முதல் வரியிலேயே தலைவர் கையை உயர்த்தினார். நான் நிமிராமல் கடைசிவரை வாசித்தேன்.

பின்வரிசையிலிருந்து முதல் கேள்வி வந்தது. "அப்ப உங்க மாமியார் கண்ணு?"

"அதுவும் பொய்தான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு பலரும். அந்தச் சிரிப்பு அடங்கக் காத்திருந்த நேரம் போல நீளமான நேரம் எனக்கு இருந்ததில்லை. அப்புறம் இன்னொரு ஆசிரியை எழுந்தார்.

"நாங்க அவரைப் பத்திப் பேசினப்ப நீங்க பக்கத்துலதானே உக்காந்திருந்தீங்க?"

"ஆமா."

"எழுதிக்கிட்டு இருந்தீங்க."

"ஆமா."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. உட்கார்ந்துகொண்டார். நான் ராஜினாமாக் கடிதத்தைத் தலைவர் மேசையில் வைத்தேன். ஸ்கேல் சார் அன்று வரவில்லை. அவருக்காக நான் வாசித்ததை அவரைத் தவிர எல்லாரும் கேட்டார்கள்.

வாரியம் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டது. அந்த மூன்று கேள்விக்கும் எல்லாருக்கும் முழு மதிப்பெண் என்று அறிவித்தது. கேள்வி எழுதுவோர் பட்டியலிலிருந்து என்னை நீக்கியதாக எனக்குத் தனிக்கடிதம் வந்தது. மூன்று மதிப்பெண் குறைந்த அந்தப் பெண்ணைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். ஏதோ ஒரு அலுவலக வேலைக்கான படிப்பில் சேர்ந்து ஒரு வருஷம் முடித்திருந்தாள். மறுபடி விண்ணப்பிக்கலாம், நான் உதவி செய்கிறேன் என்றேன். ஏன் உதவி செய்கிறேன் என்றும் சொன்னேன்.

"அப்படியா டீச்சர்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அன்னைக்கு வந்தப்பவே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

"அம்மா கூப்பிடுறாங்க டீச்சர், வச்சுடுறேன்" என்றாள். விண்ணப்பித்தாளா என்று எனக்குத் தெரியாது. கேட்கிற தகுதி எனக்கில்லை என்று விட்டுவிட்டேன்.

சங்கம் ஸ்கேல் சாரிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்பது என்று தீர்மானம் போட்டது. புதுச் செயலாளர் என் வீட்டுக்கு வந்து, தயங்கித் தயங்கி, "கடிதம்னா உங்களை விட்டா ஆள் இல்ல" என்றார். ஒரு வாரம் முயன்றேன். கண்டனத்துக்கு வந்த சொற்கள் எதுவும் இதற்கு வரவில்லை. கடைசியில் நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். தலைவரும் இரண்டு பேரும் அதை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். வாசலிலேயே வாங்கி, நின்றபடியே வாசித்துவிட்டு, "சரி" என்றாராம். மாதிரி வினாத்தாளை மறுபடி செய்து தரும்படி கேட்டதற்குச் சிரித்துவிட்டு, முடியாது என்றாராம்.

"இனிமே எதுக்கு அந்தச் சங்கம்? விட்டுத் தொலை" என்றார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் இரண்டாவது சனிக்கிழமை வந்ததும் கிளம்பிவிடுகிறேன். போகாமல் வீட்டில் இருந்தால் தப்பித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது. என்னிடம் யாரும் கடுமையாகப் பேசுவதில்லை. வணக்கம் சொல்கிறார்கள், தேநீர்க் கோப்பையை நகர்த்தி வைக்கிறார்கள். நான் முன்னாலேயே போய், நடுவரிசையில் ஓரமாக உட்கார்ந்துகொள்வேன். என் பக்கத்து நாற்காலி கடைசிவரை காலியாக இருக்கும். தாமதமாக வருபவர் கண்ணை ஓட்டி வேறு இடம் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லாவிட்டால் வந்து உட்காருவார்.